முதல் ஏடு மட்டும் தெரியவில்லை

மச்சான்,

பொலிஸ் திருப்பித் தந்த பழுப்புத் தாள் பை இன்னும் என் ஸ்டூடியோ அலமாரியின் கீழ்த்தட்டில்தான் கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பை. இன்று ஒரு லைட் ஸ்டாண்டைத் தேடிக் குனிந்தபோது கை தட்டி அதன் வாய் திறந்துகொண்டது. வேப்பெண்ணெய் மணம், பழைய புகை மணம், இரண்டுக்கும் அடியில் உன் இரத்தம். மூன்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. முன்னறையில், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு ஆல்பத்துக்கு ஒரு தாய் படம் தெரிவு செய்துகொண்டிருந்தாள். நான் நிலத்தில் குந்தியிருந்தபடி ஒரு தூஷணம் சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உனக்கு முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம், நம் ஊர்க் கல்வெட்டு, அடித்தோம். உன் அக்காவுக்குக் கோயிலில் பழக்கமான ஒருவர் எழுதித் தந்தார். "அமைதியே உருவானவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்" என்று அதில் இருக்கிறது. வாசித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எறும்புக்கு நீ என்ன நினைத்தாயோ அறியேன். மனிசருக்கு நினைத்ததும் செய்ததும் எனக்குத் தெரியும். என் இடது புருவத்தில் நீ வைத்த தழும்பு இருக்கிறது. கல்வெட்டில் இல்லாத உன்னைத்தான் நான் பழகினேன். அந்த ஆளுக்கு எழுதவும் ஒருவன் வேண்டும் அல்லவா?

நாம் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே பங்கருக்குள் ஒளிந்து வளர்ந்தவர்கள். நான் லண்டன் வந்து இல்ஃபோர்டில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் பிடிக்கிறவன் ஆனேன். நீ அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறி, வழியில் பிடிபட்டு, இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் மேற்கு மலைப்பக்கத்தில் வருடக்கணக்காகக் கிடந்தாய். அங்கே இருப்பவர்கள் சுந்தா மக்கள். அவர்களுக்குத் தனி மொழி, தனி எழுத்து. வேலை செய்ய அனுமதி இல்லை, போவதற்கு ஒரு நாடு இல்லை. சும்மா இருந்த வாய்க்கு நீ அவர்களுடைய மொழியைப் பழக்கினாய். அங்கிருந்து லண்டனுக்கு எப்படி வந்தாய் என்பதை இதில் எழுத மாட்டேன். குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஓபிஸிலும் தமிழ் வாசிக்க ஆள் வைத்திருப்பார்கள்.

நீ முதல் முறை என் ஸ்டூடியோவுக்கு வந்த அன்று எனக்கு அடி விழ இருந்தது. என்னிடம் ஒரு பழைய கமரா இருக்கிறதே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் பிடிக்கும்படி உள்ளே மாற்றியது, அதால் வந்த வினை. பூங்காவில் வைத்துப் படமெடுத்தால் பச்சை மரமெல்லாம் பனி கொட்டியது போல வெள்ளையாக வரும். புதுசாக ஏதாவது செய்வோம் என்று ஒரு கலியாணப் பெண்ணை அதால் எடுத்துவிட்டேன். அந்தக் கமராவுக்குச் சிவப்புத் தெரியாது என்பதை யோசிக்கவில்லை. பெண்ணின் சிவப்புக் கூறை படத்தில் அப்படியே வெள்ளைச் சேலையாக வந்து நின்றது. தாலி கட்டி இறங்கிய பிள்ளை, வெள்ளைச் சேலையில். தகப்பன் சும்மா விடுவாரா? என் சேர்ட்டைப் பிடித்துச் சுவரோடு சாத்தியிருந்தார்.

"ஐயா, கையை எடுங்கோ" என்றாய் நீ வாசலில் நின்றபடி.

"நீ ஆரடா?" என்று அவர் திரும்பியதுதான் தெரியும். அவருடைய மணிக்கட்டை நீ பிடித்தாய், ஒரு திருப்பு, மனிசன் முழங்காலில் நின்றார். உன் முகத்தில் கோபம்கூட இல்லை. போகும்போது அவர் என்னைத் திட்டாமல் உன்னையே பார்த்துக்கொண்டு போனார். மலையில் வெறுங்கைச் சண்டை பழகினேன் என்றாய். பிறகு அந்தக் கமராவைத் தூக்கிப் பார்த்து, "உது பேய்ப்படம் பிடிக்கிற கமரா, குப்பையிலை போடு" என்று சிரித்தாய். நல்ல காலம், நான் உன் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் தோளில் தொங்கிய பையைத் திறந்தாய். துவாயால் சுற்றிய ஒரு ஏட்டுக்கட்டு. மேலும் கீழும் மரச்சட்டம், ஒரு சட்டம் பாதி கருகியிருந்தது. நடுவில் துளை, துளையூடாக நூல். இரண்டு விரல் அகல ஓலைகள், நெருக்கி நெருக்கி எழுத்து. சுந்தா மக்களின் பழைய ஏடு என்றாய். நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்தது.

"களவெடுத்தனியோ?" என்று கேட்டேன்.

"களவெடுத்தமாதிரித்தான்" என்றாய். "ஓடேக்கை கையிலை இருந்தது இதுதான். இப்ப இமாஸ் சொல்லுறாள், திருப்பிக் கொண்டுவா, ஆனால் அதுக்கு முன்னம் ஒவ்வொரு ஏட்டையும் படமெடுத்து வை எண்டு. வழியிலை பறிபோனாலும் எழுத்து மிஞ்ச வேணும். உன்னாலை ஏலுமோ?"

ஏலும் என்றேன். இமாஸ் அந்த வீட்டுப் பெண், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. தகப்பன் செத்த பிறகு அவளும் அண்ணனும்தான் ஏட்டுப் பெட்டியின் காவல். அண்ணன் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை நீ ஒரே நாளில் சொல்லவில்லை. கலியாணம் இல்லாத ஞாயிறுகளில் நாம் ஏடு ஏடாகப் படமெடுத்தோம். ஒவ்வொன்றையும் தூக்குமுன் நீ "புன்தென்" என்பாய். மலைக்காரர் ஒருவரைக் கடந்து போகும்போது சொல்கிற சொல், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். "ஐயர் வேலைக்குப் போயிருக்கலாம் நீ" என்று நான் பகிடி பண்ணுவேன். நீ ஏட்டைத் திருப்பிக்கொண்டே கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாய்.

அந்த ஊர் மலைச்சரிவில் மாளிகை கட்ட ஒருவன் ஆசைப்பட்டான். ஊரார் விற்க மாட்டோம் என்றார்கள். ஒரு காலையில் மோட்டார்சைக்கிள்களில் ஆட்கள் வந்தார்கள், பெற்றோல் கான், நீளக் கத்தி. இமாஸின் அண்ணன் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். நீ பின்பக்கம் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாய். ஓடி வந்தாய். அந்த நேரம் பக்கத்து வீட்டில் நெருப்பு ஏறியது. அது மூங்கில் வீடு. மூங்கில் எரிந்தால் கணு கணுவாக வெடிக்கும். படபடவென்று, துவக்குச் சூடு போலவே.

நீ நிலத்தில் விழுந்து படுத்தாய்.

உன் உடம்பு உன்னைக் கேட்கவில்லை. சத்தம் கேட்டால் குப்புறப் படு, வாயைத் திறந்து வை, காதைப் பொத்து. நமக்கு அரிச்சுவடிக்கு முன்னம் படிப்பித்த பாடம் அதுதானே. மலைக்காரர் யாரும் படுக்கவில்லை, அவர்களுக்கு அது மூங்கில் சத்தம். நீ மட்டும் மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தாய். தலையைத் தூக்கியபோது அண்ணனின் கழுத்தில் கத்தி இறங்கிவிட்டிருந்தது. அவர் விழவில்லையாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம்.

அதற்குப் பிறகு நீ செய்ததைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. கிடந்த உலக்கையை எடுத்தாய். கத்தி வைத்திருந்தவனின் முழங்காலை உடைத்தாய், விழுந்தவனின் கையை உடைத்தாய், அவன் கத்தக் கத்த இன்னும் அடித்தாய். இமாஸ் "பெட்டி, பெட்டி" என்று கத்தினாள். எரிகிற வீட்டுக்குள் போய்ப் பெட்டியை இழுத்தாய், அது பிளந்துகொண்டது. ஒரு கட்டு மட்டும் கையில் வந்தது, மற்றவை நெருப்புக்குப் போயின. உன்னைத் தேடி ஆட்கள் திரும்ப வருகிறார்கள் என்று ஊரார் உன்னை லொறி ஒன்றில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள். நெஞ்சோடு கட்டிய ஏட்டுடன் நீ ஓடினவன்தான்.

"படுக்காமல் இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருப்பன்" என்று அன்று சொன்னாய். நான் அடுத்த ஏட்டைப் படமெடுத்தேன்.

முதல் ஏட்டை மட்டும் நாம் எடுக்கவில்லை. அது கருகிய சட்டத்தோடு ஒட்டியிருந்தது, தொட்டால் நொறுங்கும் போல இருந்தது. கடைசியில் பார்ப்போம் என்று விட்டோம்.

பிறகு நவராத்திரி வந்தது. நீ மனோர் பார்க்கில் உன் அக்கா வீட்டில் மேல் அறையில் இருந்தாய். அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாய் இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவர். உங்கள் அப்பா பரியாரியார். அவருடைய வைத்திய ஏடுகளை வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் விளக்குக் கரியும் வேப்பெண்ணெயும் குழைத்துத் துடைப்பது அக்காவின் வேலை. எங்கள் பனையோலையில் எழுத்தாணியால் கீறியிருக்கும். கரி கீறலுக்குள் போய் உட்கார, எழுத்துப் பளிச்சென்று தெரியும். எண்ணெய்க்குப் பூச்சியும் வராது.

உன் மேசையில் கிடந்த கட்டை அக்கா கண்டார். எழுத்து மங்கிக் கிடக்கிறது, தம்பி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது, பூசைக்கு வைப்போம் என்று நினைத்தார். ஒட்டியிருந்த முதல் ஏட்டைப் பக்குவமாகப் பிரித்து எடுத்தார். அந்தப் பக்குவம் எனக்குக்கூட வந்திருக்காது. பிறகு கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தார். ஆனால் அந்த ஏட்டில் எழுத்துக் கீறியது அல்ல. மேலே மையால் எழுதியது. துணியோடு எல்லாம் வந்துவிட்டது. ஊத்தை போகிறது என்று அக்கா இன்னும் அழுத்தித் துடைத்தார்.

அன்று நானும் உன்னோடுதான் வந்தேன், மிச்ச ஏடுகளை எடுக்கலாம் என்று. முன்னறையில் கும்பம் வைத்து, புத்தகங்கள் அடுக்கி, அவற்றுக்கு மேல் அந்தக் கட்டு. அதற்கு மேல் கன்னங்கரேலென்று ஒரு ஓலை, நுனியில் அக்காவின் பெருவிரல் அடையாளம்.

"பார் தம்பி, வடிவாத் துடைச்சு வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா.

நீ ஓலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாய். பிறகு கும்பத்தைக் காலால் உதைத்தாய். தேங்காய் உருண்டு சுவரில் மோதியது. குத்துவிளக்கைத் தூக்கி எறிந்தாய், முன் யன்னல் கண்ணாடி தெருவில் கொட்டியது. அக்கா "என்னடா, என்ன செய்து போட்டன்?" என்று கேட்டுக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார். நீ கையை ஓங்கினாய். உன்னை வளர்த்த மனிசிக்கு மேலே கையை ஓங்கினாயடா. நான் பின்னாலிருந்து உன்னை அணைத்துப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே நாம் அடிபட்டோம். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி அடிபட்டதில்லை. நீ என் விலாவில் குத்தினாய், நான் உன் காதோடு அறைந்தேன். இருவரும் உடுப்புக் காயப்போடும் கம்பியில் சிக்கிச் சேற்றில் விழுந்தோம். "இமாஸுக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்? அண்ணன் செத்தான், என்ரை அக்கா துடைச்சுப் போட்டா எண்டு சொல்லவோ?" என்று கத்தினாய். உன் வாயில் இரத்தம் வந்தது.

அப்போது நான் அதைச் சொன்னேன். "மூங்கில் வெடிக்க நீ ஏன்ரா படுத்தனீ? ஊர்ப்பழக்கம். அக்கா துடைச்சதும் ஊர்ப்பழக்கம். உன்ரை மட்டும் பாவம், அவ செய்தது குற்றமோ?"

நீ தலையால் என் நெற்றியில் இடித்தாய். புருவம் பிளந்தது. சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உனக்கும் தெரியும் சரி என்று. இல்லாவிட்டால் அவ்வளவு பலமாக இடித்திருக்க மாட்டாய்.

அயல்வீட்டார் கூப்பிட்டுப் பொலிஸ் வந்தது. அக்கா கதவில் நின்று, உடைந்த இங்கிலீஷில், விளக்கு வழுக்கி விழுந்தது என்றார். யன்னலூடாகவா என்று பொலிஸ்காரி கேட்டாள். ஓம் என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு நீ அக்காவின் கையால் சாப்பிட்டாய். கோப்பையைக் கழுவி வைத்தாய். யன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாய். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏட்டை வீட்டில் வைக்கவும் இல்லை. பையில் போட்டு எங்கே போனாலும் தோளில் கொழுவிக்கொண்டு போனாய், நீ கல்லாவில் வேலை செய்த கடைக்கும் அப்படித்தான். "அவவோடை கதையடா" என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், "கதைக்கிறன். முதல்லை இமாஸுக்குச் சொல்லிப்போட்டுக் கதைக்கிறன்" என்றாய். இமாஸுக்கும் சொல்லவில்லை. நாள் போனது.

மாரிக்காலம். நாலு மணிக்கே இருட்டு. ஷிப்ட் முடிந்து நேரே ஸ்டூடியோவுக்கு வாறன், மிச்சத்தை முடிப்போம் என்று போன் எடுத்தாய். நான் லைட்டுகளைச் சரிப்படுத்தி வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த லைட்டுகள் அன்று அப்படியே எரிந்துகொண்டிருந்தன.

மீதியை நான் கோர்ட்டில்தான் பார்த்தேன். கடைக் கமராவில் பதிந்த படம், சத்தம் இல்லை. முகத்தை மூடிய இரண்டு பேர் வருகிறார்கள். நீ கல்லாவைத் திறந்து காசை எடுத்து மேசையில் வைக்கிறாய், எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டுகிறாய். எடுத்தார்கள். போயிருக்கலாம். ஒருவன் உன் தோள் பையைக் காண்கிறான். கடையின் மிச்சக் காசு அதற்குள்தான் என்று நினைத்தானாம். பையைப் பிடித்து இழுக்கிறான். நீ அவனுடைய கையைத் திருப்புகிறாய், எலும்பு முறிவது சத்தமில்லாமலே தெரிகிறது. மற்றவன் மேசைக்கு மேலால் பாய்ந்து குத்துகிறான். திரும்பவும் குத்துகிறான். நீ பையை விடவில்லை. அவனுடைய முகமூடியை இழுத்து, முகத்தில் முழங்கையால் இடிக்கிறாய். திரும்பவும் குத்துகிறான்.

பிறகு நீ பையை நெஞ்சுக்குக் கீழே போட்டு அதற்கு மேல் குப்புறப் படுத்தாய். இந்த முறை உன்னைக் கேட்டுத்தான் உன் உடம்பு படுத்தது.

உன் வாய் அசைகிற இடத்தில் படத்தை நிறுத்தி, இறந்தவர் கெஞ்சுவது போலத் தெரிகிறது என்றார் வழக்கறிஞர். எனக்குப் பொறுக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் எழும்பி நின்று, அவன் கெஞ்சவில்லை, அது சுத்த யாழ்ப்பாணத் தூஷணம் என்று கத்தினேன். குத்தியவன் குற்றவாளிக்கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடிக்கு நான் செய்ய நினைத்ததை முடிக்குமுன் இரண்டு பேர் என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். தீர்ப்பு நாளன்று என்னை உள்ளே விடவில்லை. ஆயுள்தண்டனை என்று அக்கா வந்து சொன்னார். எனக்கு அது காணாது. இன்றைக்கும் போதாது.

வழக்கு முடிந்த பிறகு உன் பொருட்களை ஒரு பழுப்புத் தாள் பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா பையைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

"இதுக்குள்ளை ஏதும் மிஞ்சியிருக்கோ பார் தம்பி" என்றார். "நான் தொட மாட்டன்."

மேலே கிடந்தது அந்தக் கரி பூசிய முதல் ஏடு. அதற்குக் கீழே நாம் படமெடுக்காமல் விட்ட பாதிக் கட்டு. உன் இரத்தம் ஊறிக் காய்ந்து, ஒவ்வொரு ஓலையும் பழுப்புத் தகடாக இருந்தது. எழுத்தென்று ஒன்றும் இல்லை. தண்ணீர் பட்டால் இரத்தத்தோடு மையும் போய்விடும். உன்னைக் கழுவாமல் எழுத்தைப் பார்க்க முடியாது, கழுவினால் எழுத்தே இருக்காது. கதிரையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கால் ஒன்று உடைந்தது. அக்கா அந்தக் காலை எடுத்து ஓரமாக வைத்தார்.

அப்போதுதான் அந்தத் தகப்பன் என் சேர்ட்டைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. சிவப்புக் கூறை. வெள்ளையாக வந்த சிவப்புக் கூறை.

உன் பேய்க் கமராவை எடுத்தேன். "புன்தென்" என்று சொல்லிவிட்டு ஒரு ஓலையை வெளிச்சத்தில் வைத்தேன். நானே சொன்னேன், யாரும் சொல்லித் தரவில்லை. படம் திரையில் வந்தது. உன் இரத்தம் இல்லை. சுத்தமான வெளிர் ஓலை, அதில் வரி வரியாகக் கறுத்த எழுத்து. அடுத்த ஓலை. அதற்கடுத்தது. எல்லாம் இருந்தது மச்சான். அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மெய்யே, மெய்யே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியாக முதல் ஏட்டை வைத்தேன். முழுக் கறுப்பு. எழுதிய மையும் கரிதான், அக்கா பூசியதும் கரிதான். கமராவுக்கு இரண்டும் ஒன்று. விளக்கைச் சரித்துப் பார்த்தேன், பின்னால் வைத்துப் பார்த்தேன். பெருவிரல் அடையாளம் மட்டும் வந்தது. உன்னைக் கொன்றவன் வைத்த கறையூடாக எழுத்துத் தெரிந்தது. உன்னை வளர்த்தவள் ஆசையாகப் பூசியதூடாகத் தெரியவில்லை. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் இமாஸ் வந்தாள், ஏட்டைக் கொண்டுபோக. சின்ன உருவம், நீ சொன்னதை விட வயதாகத் தெரிந்தாள். அக்காவின் முன்னறையில், நீ உடைத்து நீயே மாற்றிய யன்னலுக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்துக் கட்டை வைத்தாள். இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். வாடகைக்கு இருந்தவனான உன்னை அந்தச் சடங்குக்கு உள்ளே விட்டதில்லை, அதனால் நீ அறிந்திருக்க மாட்டாய் என்றாள். வருடம் ஒருமுறை கட்டைத் திறக்கும்போது, கடைசியாகத் திறந்ததிலிருந்து ஏட்டுக்கும் அதைக் காத்தவர்களுக்கும் நடந்த கெடுதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. உனக்கு அங்கேயும் இங்கேயும் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம்.

தமிழில் சொன்னேன். இடையிடையே அவளுக்காக இங்கிலீஷில். நெருப்பைச் சொன்னேன், அண்ணனைச் சொன்னேன். நீ படுத்ததையும் சொன்னேன். நீ அவளிடம் ஒருநாளும் சொல்லாததை நான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். தெரியும் என்றாள். அவன் படுத்ததை நான் கண்டேன், எழும்பி வந்ததையும் கண்டேன் என்றாள். இதைக் கேட்க நீ இல்லாமல் போனாயே மச்சான்.

முதல் ஏட்டுக்கு வந்ததும் சுவரோரம் இருந்த அக்கா முன்னால் வந்தார்.

"அதை நான் சொல்லுறன். நீ கூட்டிக் குறைக்காமல் அவளுக்குச் சொல்லு" என்றார். "பிள்ளை, உந்த ஏட்டை அழிச்சது நான். ஊரிலை செய்யிறமாதிரி எண்டு நினைச்சுச் செய்து போட்டன். அதுக்குப் பிறகு அவன் என்னோடை கதைக்கேல்லை. உந்தக் கட்டை வீட்டிலை வைக்கப் பயந்துதான் தோளிலை கொண்டு திரிஞ்சவன். நான் தொடாமல் இருந்திருந்தால் பை இஞ்சை இருந்திருக்கும். காசோடை விட்டிருப்பாங்கள். என்ரை பிள்ளையும் இருந்திருக்கும்."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். 

இமாஸ் கறுத்த ஏட்டை எடுத்து மடியில் வைத்தாள். அதைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "புன்" என்று தொடங்கி, நீளமாக, இழுத்து. முடித்துவிட்டுச் சொன்னாள்: முதல் ஏட்டை எங்கள் வீட்டில் யாரும் பார்த்து வாசிப்பதில்லை. பேசப் பழகும்போதே மனப்பாடம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி முன்னோரிடம் கேட்பது, அவ்வளவுதான். என் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அது அழியவில்லை.

"நான் அழிச்சது அதைத்தானோ?" என்றார் அக்கா. 

கெடுதியைச் சொல்லி முடித்த பிறகு, இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து முதல் ஏட்டைச் சொல்ல வேண்டும், குறைந்தது அந்த முதல் சொல்லையாவது, என்றாள் இமாஸ். அப்படிச் சொன்னால்தான் கட்டைக் கட்டலாம். மன்னிப்புக் கேட்பதும் அதுதான், கொடுப்பதும் அதுதான். கெடுதி செய்தவருக்கும் சேர்த்து.

அவள் சொன்னாள். அக்கா அவளுடைய வாயைப் பார்த்து, குழந்தைப்பிள்ளை போல, அந்த ஒரு சொல்லைச் சொன்னார். திரும்பவும் சொன்னார். உன் பெயரை இன்னும் அக்காவால் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. விளக்கேற்றும்போது தேவாரத்துக்கு முன்னால் இப்போது அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் கண்ணுக்கு முன்னால் வந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இமாஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நூலை எடுத்து, முடிச்சுப் போடாமல், சும்மா சுற்றி வைத்தாள்.

ஏடு இப்போது மலையில் இருக்கிறது மச்சான், படங்கள் எல்லாம் அவளிடமும் என்னிடமும் இருக்கின்றன, பிள்ளைகள் வாசிக்கிறார்களாம். கட்டு மட்டும் இன்னும் அவிழ்ந்தபடி என் வாய்க்காகக் காத்திருக்கிறது. நீயாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாய்.